அந்தப் பொண்ணுகிட்ட கேட்டாகளா?

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அது சூப்பர் பவுல் நாள். எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். ஆண்கள் டிவி முன்னால், பெண்கள் சமையலறையில் பஜ்ஜி மாவோடு. கண்டம் மாறினாலும் இந்த ஏற்பாடு மட்டும் மாறுவதில்லை. கான்சாஸ் சிட்டி ஆட்டக்காரரின் காதலியான பாடகி டெய்லர் ஸ்விஃப்டைக் கேமரா காட்டும்போதெல்லாம் சோபாவிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. “ஆட்டத்தக் காட்டுங்கப்பா.”

என் மகள் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தாள். அவளுக்கு அப்போது பதினோரு வயது.

“அம்மா, சோஃபிய அனுப்பிட்டாங்க.”

“யாரு, கூடப் படிக்கிற பொண்ணா? வேற ஊருக்குப் போறாங்களா?” என்று கேட்டார் பஜ்ஜி எடுத்துக்கொண்டிருந்த அக்கா.

கூடப் படிக்கிற பெண் இல்லை. சோஃபி ஜேக்ஸ், போஸ்டன் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் தடுப்பாட்டக்காரர். அவரை மினசோட்டா அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு சூசன்னா தபானி, அபி குக் என்ற இருவரைப் போஸ்டன் வாங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் தொழில்முறை லீக் தொடங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த லீக்கின் முதல் டிரேட் அதுதான்.

மகளின் கண் கலங்கியிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு, “நல்லதுதாண்டா. அவங்க இங்க ஒண்ணும் செய்யலியே” என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எனக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டி. செம்மண் மைதானம், சாயங்கால வெயில், முட்டி தேய்ந்த அண்ணன்கள். வருடா வருடம் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வடக்கிலிருந்தெல்லாம் அணிகள் வரும். கோப்பை ஒரு பெண்ணின் பெயரில் இருக்கும், ஆடுவது ஆண்களாக இருக்கும். தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்பும் பெண்கள் மருந்து வாசத்தோடு மைதானத்தைக் கடந்து போவார்கள். நின்று பார்ப்பதில்லை. வீட்டில் உலை வைக்கணும்.

கல்யாணமாகி மாசசூசெட்ஸ் வந்து, லோவெல் நகரத்துக்குப் பக்கத்தில் குடியேறினோம். லோவெல்லும் ஒருவகையில் தீப்பெட்டி ஊர் மாதிரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஆற்றங்கரை நெடுகப் பஞ்சாலைகள். நியூ இங்கிலாந்தின் பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்த்தார்கள். 1834இல் கூலியைக் குறைத்தபோதும் 1836இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோதும் தறிகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அந்தப் பழைய ஆலைகளுக்குப் பக்கத்தில், மெரிமாக் ஆற்றை ஒட்டியிருக்கும் சாங்கஸ் சென்டர் அரங்கில்தான் 2024 ஜனவரியில் போஸ்டன் பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள்.

என் மகள் உள்ளூர்ப் பெண் குழந்தைகள் அணியில் ஆடுகிறாள். அந்த அணியில் மாநிறம் அவள் ஒருத்திதான். ஜனவரி 3, போஸ்டனின் முதல் சொந்த மண் ஆட்டத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். அன்றைக்கு மினசோட்டாவிடம் 3-2 என்று தோற்றார்கள். அவள் தோல்வியைப் பற்றிப் பேசவே இல்லை. “அம்மா, அந்த டிஃபென்ஸ் அக்கா கறுப்பு” என்றாள், காரில் பெல்ட் போட்டுக்கொண்டே. அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரில் பச்சை மார்க்கரால் ஒரு பதாகை தயாரானது. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியதன் பலனை நான் அன்றுதான் கண்டேன். “சோஃபி, அடி!” என்று தமிழில் எழுதியிருந்தாள். ‘ஃ’ மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

சோஃபி ஜேக்ஸ் டொரன்டோவில் பிறந்தவர். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே ஆடினார். 2022இல் அந்தப் பல்கலைக்கழகம் முதன்முதலாகத் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். 2023இல் பாட்டி காஸ்மையர் விருது அவருக்கு. கல்லூரிப் பெண்கள் ஹாக்கியின் ஆகச் சிறந்த ஆட்டக்காரருக்கு 1998 முதல் கொடுக்கப்படும் விருது அது. அதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். கோல் விழாமல் காப்பது தடுப்பாட்டக்காரரின் வேலை. ஜேக்ஸ் காத்ததோடு நிற்காமல் அடித்தும் காட்டியவர். 2023 செப்டம்பரில் நடந்த லீக்கின் முதல் டிராஃப்டில் போஸ்டன் அவரைப் பத்தாவது ஆளாக எடுத்தது. அப்போது அவருக்கு 22 வயது.

போஸ்டனுக்கு ஏழு ஆட்டம் ஆடினார். கோலும் இல்லை, கோலுக்கு உதவிய கணக்கும் இல்லை. பூஜ்யம்.

எங்கள் வரிசையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, இரண்டு பெண் குழந்தைகளோடு வரும் ஒரு பிளம்பர், தங்கள் கல்யாண நாளை அரங்கத்திலேயே கொண்டாடிய இரண்டு பெண்கள், ஒரு கல்லூரி மாணவி, நாங்கள் இருவர். ஜேக்ஸிடம் பக் வந்தால் நான்காவது ஆட்டத்திலிருந்தே எங்கள் வரிசையில் ஒரு பெருமூச்சு கேட்க ஆரம்பித்துவிட்டது. “யோசிக்குது, யோசிக்குது” என்பார் பிளம்பர். நானும் சேர்ந்து பெருமூச்சு விட்டிருக்கிறேன். மற்றவர்கள் தடுமாறவில்லையா என்றால், தடுமாறினார்கள். அணியே கோல் அடிக்கத் திணறியது. ஆனால் மற்றவர்கள் தடுமாறியபோது “இன்னைக்கு அவளுக்கு நாள் சரியில்ல” என்றோம். ஜேக்ஸ் தடுமாறியபோது “இவங்களுக்கு இந்த லெவல் சரிப்படாதோ” என்றோம். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருந்த தூரம் அப்போது என் காதில் விழவில்லை. யாரும் அவரது நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையில்லாமலேயே அது நடந்தது.

டிரேட் நடந்த பிறகு வந்த முதல் ஆட்டத்தில் எங்கள் வரிசை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அந்த மாணவிக்குத்தான் கோபம் அதிகம். “போன செப்டம்பர்ல டிராஃப்ட், ஜனவரியில ஆட்டம், பிப்ரவரியில வெளிய. வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தது திரும்ப வந்திருக்குமா?” என்றாள். கல்யாண நாள் தம்பதியில் ஒருவர், ஆண்கள் லீக்கில் உள்ள கெட்ட பழக்கங்களையெல்லாம் பெண்கள் லீக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்டார். பிளம்பருக்கு அந்தக் கவலையே இல்லை. அவருக்குக் கோல் வேண்டும். தபானி ஃபின்லாந்து தேசிய அணிக்காரர், கோல் அடிக்கத் தெரிந்தவர், கூடவே ஒரு தடுப்பாட்டக்காரரும் கிடைக்கிறார். ஒன்றுக்கு இரண்டு. அவருடைய கணக்கு எனக்கும் பிடித்திருந்தது.

டீச்சரம்மா கடைசிவரை பேசாமலிருந்து, பிறகு ஒரே மூச்சில் பேசினார். இதற்கு முன்னால் இருந்த லீக்கில் போஸ்டன் பிரைட் என்றொரு அணி இருந்தது. மூன்று முறை கோப்பை வென்றது. அவர் அதற்கும் சீசன் டிக்கெட் வைத்திருந்தவர். 2023 ஜூன் கடைசியில் அந்த லீக்கையே விலைக்கு வாங்கி மூடிவிட்டுத்தான் இந்தப் புதிய லீக் வந்தது. ஏழு அணிகள் ஒரே நாளில் இல்லாமல் போயின, கையெழுத்தான ஒப்பந்தங்களோடு. “அப்ப எத்தனை பெண்கள் வேலை இழந்தாங்க தெரியுமா? ஒரு டிரேடுக்கா அழறீங்க? டிரேட் பண்ணினா அவளுக்கு இன்னொரு ஊர்ல வேலை இருக்குன்னு அர்த்தம்” என்றார்.

இதை எளிதில் ஒதுக்க முடியாது. பெண்கள் ஐஸ் ஹாக்கி விளையாடிச் சம்பளம் வாங்குவதே மிகச் சமீபத்திய விஷயம். கனடாவில் இருந்த பெண்கள் லீக் பத்து வருடம் ஒரு பைசா சம்பளம் தராமல்தான் நடந்தது. பிறகு சிறு ஊக்கத்தொகை தந்தது. 2019இல் அதுவும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களே ஒரு சங்கம் அமைத்து, ஒழுங்கான லீக் வரும்வரை வேறெதிலும் ஆட மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். பில்லி ஜீன் கிங் அவர்களோடு நின்றார். 2023 ஜூலையில், ஒரு ஆட்டம்கூட நடப்பதற்கு முன்பே, தொழிற்சங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். வீட்டு வாடகைக்கு மாதம் 1,500 டாலர். விடுதிக் கட்டணத்துக்காக வெளியே வந்து நின்ற பஞ்சாலைப் பெண்களின் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த வாடகைத் தொகையைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் தொழில்முறை என்றால் இதுவும் சேர்ந்ததுதான். உன் ஒப்பந்தம் அணியின் கையில். அவர்கள் இன்னொரு அணியோடு மாற்றிக்கொண்டால் போய்த்தான் ஆகவேண்டும். பொதுவாக ஆட்டக்காரரின் சம்மதத்தைக் கேட்பதில்லை.

போஸ்டன் ரசிகர்களுக்கு இந்த வலி பழக்கமானதும்கூட. இங்கே ஆண்கள் அணியான புரூயின்ஸ் 2005 நவம்பரில் தன் கேப்டன் ஜோ தார்ன்டனை சான் ஹோசேவுக்குக் கொடுத்தது. அந்த சீசனிலேயே அவர் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2013இல் 21 வயது டைலர் செகினை டல்லாஸுக்குக் கொடுத்தது. பிளம்பர் அந்த இரண்டையும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். செகின் போனபோது, பையன் ராத்திரியெல்லாம் பார்ட்டிக்குப் போகிறான் என்றுதான் ஊர் பேசியதாம். “இளவட்டம், தெளிஞ்சிருவான்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றார். பையனிடம் குறை இருந்தபோது அது வயதின் குறை. வளர்ந்தால் போய்விடும்.

இன்னொன்றும் அங்கே பேச்சில் வந்தது. 1988 ஆகஸ்டில் எட்மன்டன் அணி வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றபோது கனடாவே கொதித்தது. அரசாங்கம் தலையிட்டுத் தடுக்கவேண்டும் என்று ஒரு எம்.பி. கேட்டார். அணி உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனின் கொடும்பாவி எரிந்தது. ஆனால் பழியில் பெரும்பங்கு போய் விழுந்தது ஜேனட் ஜோன்ஸ் தலையில். கிரெட்ஸ்கியைக் கல்யாணம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகாத அமெரிக்க நடிகை. அவர்தான் மயக்கிக் கூட்டிப்போனாராம். பணத்துக்கு விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். இருவரும் ஆண்கள். ‘மருமக வந்த நேரம்’ என்று நம் ஊரில் சொல்வதை எட்மன்டனில் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்கள். சூப்பர் பவுல் சோபாவின் முனகலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எங்கள் டிரேடில் கைகாட்ட ஆண் யாரும் இல்லை. போஸ்டனின் பொது மேலாளர் டேனியல் மார்மர், ஒரு பெண். மினசோட்டாவின் பொது மேலாளர் நடாலி டார்விட்ஸ், அமெரிக்க அணிக்காக ஒலிம்பிக்கில் ஆடிய பெண். இரண்டு பெண்கள் பேசி மூன்று பெண்களை இடம் மாற்றினார்கள். இது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையோடுதான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கோவில்பட்டியில் இருக்கிறாள். ஞாயிறு தோறும் வீடியோ காலில் பேத்தியைப் பார்க்கவேண்டும். அந்த வாரம் பேத்தி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

“ஏட்டி, புள்ள ஏன் உம்முன்னு இருக்கு?”

சொன்னேன். ஒரு விளையாட்டுக்காரப் பெண்ணை வேறு அணிக்கு மாற்றிக்கொண்டார்கள், பதிலுக்கு அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள் என்று.

“பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற மாதிரியா?”

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

“ஒருத்திக்கு ரெண்டு பேர்னா அவ பெரிய கைக்காரிதான். அந்தப் பொண்ணுகிட்ட கேட்டாகளா?”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. ஒப்பந்தம் அப்படி.”

“ஆமா, எங்களுக்கும் ஒப்பந்தம் அப்படித்தான் இருந்துச்சு” என்றாள்.

அம்மாவின் கல்யாணம் மாற்றுக் கல்யாணம். அம்மாவை அப்பாவுக்குக் கொடுத்தார்கள், அப்பாவின் தங்கையை மாமாவுக்கு எடுத்தார்கள். ஒரே முகூர்த்தம், ஒரே பந்தல், செலவு பாதி. இதில் உள்ள நுட்பம் என்னவென்றால், இரண்டு பெண்களையும் எப்போதும் எதிரெதிர்த் தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டே இருப்பார்கள். அம்மாவுக்கு முதல் வருடமே அண்ணன் பிறந்தான். அத்தைக்கு நான்கு வருடம் குழந்தை இல்லை. “நாங்க குடுத்தது தங்கம், வாங்குனது பித்தளை” என்று அம்மாவைப் பெற்ற ஆச்சி வாய்விட்டுச் சொன்னதாக அத்தையே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அங்கே அத்தை திட்டு வாங்கிய நாளெல்லாம் இங்கே அம்மா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அத்தை அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால் அம்மாவையும் அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்தே அத்தை கடைசிவரை வரவில்லை.

விளையாட்டும் கல்யாணமும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லை. ஜேக்ஸுக்குச் சம்பளம் இருந்தது, சங்கம் இருந்தது, ஒப்பந்தம் முடிகிற தேதி இருந்தது. அத்தைக்கு இது எதுவும் இல்லை. அம்மா கேட்ட கேள்வி இந்த வித்தியாசங்களால் தீர்ந்துபோகும் என்றுதான் நானும் நினைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் அத்தை இல்லை. என் ஆபீஸ்.

2018இல் நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் குழுவுக்குத் தலைவி. ஒரு பெண் சேர்ந்தாள். சேலத்துப் பக்கம், இங்கேயே எம்.எஸ். முடித்தவள், முதல் வேலை. மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் பதிலுக்கு ஐந்து விநாடி எடுப்பாள். அந்த ஐந்து விநாடியில் மேலே இருக்கிற ஆண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். பன்னிரண்டு வருடம் போராடி அந்த மேசைக்கு வந்தவள் நான். அந்தப் பார்வை என்மேல் விழுவது எனக்குத் தாங்கவில்லை. அவளைப் போன்ற ஒருத்தி, அதாவது என்னைப் போன்ற ஒருத்தி, என்னைக் கீழே இழுத்துவிடுவாள் என்ற பயம். இதை அன்று இப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. “டீமுக்கு அனுபவசாலி வேணும்” என்று சொல்லிக்கொண்டேன். நான்காவது மாதம் இன்னொரு குழுத் தலைவர் ஒரு சீனியரைத் தருவதாகச் சொன்னார், பதிலுக்கு ஒரு ஆள் கேட்டார். அவளைக் கொடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மெயில் போனது.

திங்கட்கிழமை அவள் என் மேசைக்கு வந்தாள். “அக்கா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

“சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா. பிசினஸ் நீட்” என்றேன்.

அதற்குப் பிறகு லிஃப்டில் பார்த்தால் “குட் மார்னிங் மேடம்” என்பாள். அக்கா என்று கூப்பிடவே இல்லை.

ஜேக்ஸைப் பற்றி மகளிடம் நான் அத்தனை அவசரமாக “ஒண்ணும் செய்யலியே” என்றதற்குக் காரணம் எனக்கு அன்றிரவு புரிந்தது. போஸ்டன் செய்தது சரியாக இருந்தால் நான் செய்ததும் சரியாகிவிடும். எனக்கு அந்த டிரேட் சரியாக இருக்கவேண்டிய அவசியம் இருந்தது. பிளம்பரைவிட அதிகமாக.

வசந்தகாலம் வந்தது. போஸ்டன் தட்டுத்தடுமாறி பிளேஆஃபுக்குள் நுழைந்து, மான்ட்ரியலை மூன்று ஆட்டத்திலும் கூடுதல் நேரத்தில் வென்றது. முதல் ஆட்டத்தின் வெற்றி கோலை அடித்தவர் தபானி. நான் சோபாவிலிருந்து குதித்து, “பாத்தியா!” என்று மகளைப் பார்த்துக் கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஹோம்வொர்க்குக்குத் திரும்பினாள். அந்தப் பக்கம் நான்காவது இடத்தில் உள்ளே வந்த மினசோட்டா, முதலிடத்திலிருந்த டொரன்டோவிடம் இரண்டு ஆட்டம் தோற்றுப் பிறகு மூன்றை வென்றது. இறுதிப்போட்டி போஸ்டனுக்கும் மினசோட்டாவுக்கும். ஊழ் என்று சொல்ல மாட்டேன். ஆறே அணிகள் கொண்ட லீக்கில் இப்படி நடக்கத்தான் செய்யும்.

மே 21, இரண்டாவது ஆட்டம், லோவெல்லில். கிளம்பும்போது மகள் பதாகையைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தாள்.

“அதெல்லாம் வேண்டாம். எதிர் டீம்.”

“யாருக்கும் படிக்கத் தெரியாதும்மா.”

பதில் சொல்ல முடியவில்லை. போஸ்டன் ரசிகர்கள் நடுவில், பச்சைச் சட்டைகளுக்கு நடுவில், ‘சோஃபி, அடி!’ என்ற பச்சை எழுத்துகள் உயர்ந்து நின்றன. டீச்சரம்மா ஆசையாகக் கேட்டார், என்ன எழுதியிருக்கிறது என்று. மகள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “போஸ்டன் ஜெயிக்கணும்னு.” டீச்சரம்மா கைதட்டினார். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. பதாகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

ஜேக்ஸ் அன்று இரண்டு கோல் அடித்தார். மினசோட்டா 3-0.

இரண்டாவது கோல் விழுந்ததும் எங்கள் வரிசையில் ஒரு அமைதி. பிளம்பர் தலையைப் பிடித்துக்கொண்டார். “எங்ககிட்ட இருந்தப்ப இத ஏன் செய்யல?” என்றார். எங்ககிட்ட. கொடுத்த வீட்டில் இல்லாத சிரிப்பு போன வீட்டில் எப்படி வந்தது என்று கேட்கும் அதே குரல். மாணவி திரும்பி, “அங்க அவள விளையாட விட்டாங்க” என்றாள். இருவரும் அதற்குமேல் பேசவில்லை. நான் ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் யாரும் புதிதாக ஹாக்கி கற்றுக்கொள்வதில்லை. பக்கை வாங்கி ஒரு கணம் நிதானித்து நிமிர்ந்து பார்க்கிற அதே பழக்கம்தான். நாங்கள் பெருமூச்சு விட்ட அதே நிதானம்.

நான்காவது ஆட்டம் மினசோட்டாவில். டிவியில் பார்த்தோம். இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஜேக்ஸ் கோல் அடித்தார். அதோடு கோப்பை அவர்களுக்கு. ஆட்டக்காரர்கள் ஐஸில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். பிறகு நடுவர்கள் வீடியோவைப் பார்த்து, கோல்கீப்பருக்கு இடைஞ்சல் நடந்தது என்று கோலை ரத்து செய்தார்கள். சற்றைக்கெல்லாம் போஸ்டனின் அலினா மியூலர் அடித்து ஆட்டம் எங்களுக்கு வந்துவிட்டது. நான் ஜெயித்த அணியின் ரசிகை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கொடுத்ததைப் பிடுங்குவதை அந்தப் பெண் விஷயத்தில் இரண்டாம் முறை பார்ப்பதுபோல இருந்தது. நியாயமாகப் பார்த்தால் நடுவர் தீர்ப்பு விதிப்படிதான். டிரேடும் விதிப்படிதான். இரண்டு அணிக்கும் அது லாபம் என்றுகூடச் சொல்லலாம், தபானி இல்லாமல் போஸ்டன் அவ்வளவு தூரம் வந்திருக்காது.

மே 29, ஐந்தாவது ஆட்டம், மறுபடி லோவெல். மினசோட்டா 3-0. முதல் வால்டர் கோப்பையை நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே, எங்கள் ஐஸில் நின்று அவர்கள் தூக்கினார்கள். கூட்டம் அழுதுகொண்டே கைதட்டியது. பெண்கள் கோப்பை வாங்குவதைப் பார்க்க யாரும் எழுந்து போகவில்லை, அதை நான் மறக்க மாட்டேன். ஜேக்ஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தபோது என் மகள் பதாகையைப் பிடித்திருந்தாள். டீச்சரம்மா என் காதருகே குனிந்து, “நிஜமா அதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பதாகையின் ஒரு முனை மடங்கித் தொங்கியதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சேலத்துப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேறொரு நிறுவனத்தில், எனக்கு அன்றிருந்த பதவியைவிட ஒரு படி மேலே. இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருநாள் எதிரெதிரே நின்றோம். நலம் விசாரித்தாள். நான் அந்த வெள்ளிக்கிழமை மெயிலைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். “அதெல்லாம் பழைய கதை மேடம்” என்று நல்ல சிரிப்போடு வெட்டிவிட்டாள். மன்னிப்புக் கேட்டு என் பாரத்தை அவள் தலையில் இறக்கி வைப்பதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. அதுவும் அவள் உரிமைதான்.

மினசோட்டா 2025இலும் கோப்பை வென்றது. அந்த வருடம் வான்கூவர், சியாட்டில் என்று இரண்டு புதிய அணிகள் வந்தன. பழைய அணிகள் ஒவ்வொன்றும் முதலில் மூன்று பேரை மட்டுமே தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது விதி. மினசோட்டா தக்கவைத்த பட்டியலில் ஜேக்ஸ் இல்லை. அவர் வான்கூவரோடு ஒப்பந்தம் போட்டார். இந்த முறை மினசோட்டா ரசிகர்களின் முறை. எங்கள் வரிசை போன வருடம் பேசியதையெல்லாம் அவர்கள் பேசியிருப்பார்கள்.

அம்மா இதை மறக்கவில்லை. போன வாரம் கேட்டாள்.

“அந்தப் பெரிய கைக்காரி இப்ப எங்க இருக்கா?”

“வான்கூவர்மா. கனடாவுல.”

“மறுபடியும் மாத்திட்டாகளா?”

“இல்ல. இந்தத் தடவ அவளே கையெழுத்துப் போட்டுப் போனா.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். கேமராவில் பாதி நெற்றிதான் தெரிந்தது.

“சம்பளம் கூட்டிக் குடுத்தாகளாமா?” என்றாள்.